சுவரில் ஒரு தோட்டம்

சித்திரை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூரைத் தகரம் கொதிக்கிறது. பொழுது சாயத் தொடங்கியதும் மேற்குப் பக்கச் சுவர்த் தகரமும் சேர்ந்து கொதிக்கிறது. கைக்குழந்தையை ஏணையில் வளர்த்த முடியாது. வயதானவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மர நிழலைத் தேடி வெளியே போகிறார்கள். மரம் இல்லாத வளவில் அந்த ஆறுதலும் இல்லை.

சென்ற கோடையில் இத்தகைய கொட்டில்கள் சிலவற்றுக்குச் சென்றிருந்தேன். அவற்றுள் ஒன்றின் மேற்குச் சுவரைக் காண முடியவில்லை. பயற்றங்கொடியும் பசளியும் அதனை முழுதாக மறைத்து நின்றன. உள்ளே சென்று சுவர்த் தகரத்தில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த கொட்டிலின் அதே பக்கத் தகரத்திலோ ஒரு கணமும் கை வைக்க முடியவில்லை.

“வெக்கைக்காக நடேல்லை, சுவாமி. கறிக்குத்தான் நட்டனான். குளிர்ச்சி பிறகு வந்தது” என்றார் அந்த வீட்டுத் தாய்.

அடுத்த கொட்டிலில் இருந்த பெரியவர் ஒருகாலத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்த நல்ல கமக்காரர். அவரது சுவர் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“இது எங்கட காணியில்லை, சுவாமி. இஞ்சை நட்டு வேர்விட்டிட்டால், இனி இஞ்சையே இருங்கோ எண்டு சொல்லிப்போடுவினம்” என்றார்.

இக்கட்டுரை அந்தத் தாயின் சுவரைப் பற்றியது. பெரியவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை. அதற்கு இறுதியில் வருவேன்.

பெருநகரங்களின் பசுமைச் சுவர்கள்

கட்டடச் சுவரில் செடி வளர்ப்பதற்கு இன்று உலகின் பெருநகரங்களில் பெரிய மதிப்பு உண்டு. இதனைப் பசுமைச் சுவர் என்றும் உயிர்ச்சுவர் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்ரான்லி ஹார்ட் வைட் என்பவர், செடிகளைத் தாங்கும் சுவர் அமைப்பு ஒன்றுக்கு 1938 ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றார். ஆனால் அதனை உலகறியச் செய்தவர் பிரான்ஸ் நாட்டுத் தாவரவியலாளர் பற்றிக் பிளாங்க். மழைக்காடுகளில் பாறை முகங்களிலும் நீர்வீழ்ச்சி ஓரங்களிலும் மண்ணே இல்லாத இடத்தில் செடிகள் தழைத்து நிற்பதை அவர் கவனித்தார். நீரும் நீரில் கரைந்த கனிமங்களும் கிடைத்தால் பல செடிகளுக்கு மண் கட்டாயமில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

பரிஸ் நகரில் 2006 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கே பிரான்லி நூதனசாலையின் வெளிச்சுவரை அவர் இந்த முறையில் அமைத்தார். ஏறத்தாழ 800 சதுர மீற்றர் பரப்பில் 150 வகையான 15,000 செடிகள் வைக்கப்பட்டன. முதலில் சுவரிலிருந்து சற்று விலக்கி ஓர் உலோகச் சட்டம். அதன் மேல் நீர் ஊடுருவாத பி.வி.சி. தகடு. அதன் மேல் செயற்கை நூலினாலான தடித்த துணி இரண்டு படை. துணியில் வெட்டிய பைகளுக்குள் செடிகளின் வேர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீர்க்குழாய். உரம் கரைத்த நீர் அதிலிருந்து சொட்டித் துணி வழியாகக் கீழே இறங்கும். எமது நாட்டிலும் கொழும்புக்கு அண்மையில் ராஜகிரியவில், நாற்பதுக்கு மேற்பட்ட மாடிகளிலும் சுற்றிவரச் செடிகள் வைத்த குடியிருப்பு ஒன்று எழுந்துள்ளது.

பார்ப்பதற்கு இவை அழகானவை. ஆனால் துணியில் நிற்கும் செடிக்குச் சேமிப்பு எதுவும் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிலத்தில் நிற்கும் செடி இரண்டு நாள் நீர் இல்லாவிட்டாலும் மண்ணின் ஈரத்தைத் தேடி வேரை இறக்கும். துணியில் நிற்கும் செடிக்கு இறங்குவதற்கு இடமில்லை. மோட்டார் நின்றாலும், மின்சாரம் நின்றாலும், குழாயின் துளை அடைபட்டாலும் முதலில் மேற்பகுதியும் பிறகு முழுச் சுவரும் வாடும். லண்டன் நகரில் ஒரு சிறுவர் நிலையத்தில் 2006 ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட பசுமைச் சுவர் 2009 ஆம் ஆண்டில் காய்ந்துபோய் நின்றது.

இன்னொரு விதமான சிக்கலும் உண்டு. சீனாவின் செங்டு நகரில் 826 வீடுகள் கொண்ட தொடர்மாடிகளில் ஒவ்வொரு மாடியிலும் செடிகள் வைக்கப்பட்டன. வீடுகள் எல்லாம் விற்கப்பட்டன. ஆனால் 2020 செப்ரெம்பரில் வந்த செய்திகளின்படி அங்கு ஏறக்குறையப் பத்துக் குடும்பங்களே குடியிருந்தன. பராமரிப்பு இன்றிச் செடிகள் காடாகி, நுளம்பும் பெருகிவிட்டது.

பசுமைச் சுவர் கட்டி முடித்த அன்றோடு முடிந்துவிடும் வேலையல்ல என்பதை இந்த இரண்டு இடங்களும் காட்டுகின்றன. நாளாந்தம் நீரும், பார்த்துக்கொள்ள ஒருவரும் இருந்தால்தான் அது நிற்கும்.

எமது வேலியை நினைத்துப் பாருங்கள்

பசுமைச் சுவர்களில் இரண்டாவது வகை ஒன்று உண்டு. அதில் வேர் நிலத்தில் இருக்கும், கொடி மட்டும் சுவரோரம் ஏறும். செலவு குறைந்தது. மோட்டாரும் தேவையில்லை. இது எமக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்து உயிர்வேலி இதன் உறவுதான். கிளுவை, பூவரசு, முள்முருங்கை ஆகியவற்றின் கதியால்களை மாரிக்கு முன் நட்டு, அவை தழைத்ததும் குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்த்தினோம். அதே வேலியில் முசுட்டையும் முசுமுசுக்கையும் தூதுவளையும் யாரும் நடாமலே படர்ந்தன. வேலி மறைப்பாகவும் பசளையாகவும் மருந்தாகவும் கறியாகவும் இருந்தது. முற்றத்துப் பந்தலில் புடோலும் பாகலும் தொங்கின. அதன் கீழேதான் ஆச்சிமார் வெற்றிலைத் தட்டோடு இருந்தார்கள்.

இடம்பெயர்ந்தபோது இந்த வேலியையும் பந்தலையும் யாரும் தூக்கிவர முடியவில்லை. ஆனால் அந்த அறிவு எம்முடன் வந்திருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: துணியிலும் குழாயிலும் தங்கியிருக்கும் சுவர் எமக்கு வேண்டாம். வேர் மண்ணிலும், கொடி சுவரிலிருந்து விலகிய பந்தலிலும், நீர் வீட்டுக் கழிவு நீரிலிருந்தும் என்று அமைந்தால், காணி இல்லாத குடும்பத்துக்கும் ஒரு சிறு தோட்டம் உண்டு.

இலை எப்படிக் குளிர்விக்கிறது?

முதலாவது, நிழல். மாலை வெயில் தாழ்வாக வருவதால் கூரையை விட மேற்குச் சுவரில்தான் நேராக அடிக்கும். இலை அந்த வெயிலைத் தான் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, ஆவி. வேர் எடுத்த நீரை இலை ஆவியாக வெளியே விடுகிறது. ஆவியாவதற்கு வெப்பம் தேவை. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 7 அல்லது 8 லீற்றர் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கத் தேவையான வெப்பத்துக்கு ஏறக்குறையச் சமம். மண்பானையில் நீர் குளிர்வதும் இதனாலேயே.

மூன்றாவது, கொடிக்கும் சுவருக்கும் இடையில் ஓடும் காற்று. சூடேறிய காற்று மேலே எழுந்து போய்விடும், கீழிருந்து குளிர்ந்த காற்று வரும்.

சிங்கப்பூரில் எட்டு வகையான பசுமைச் சுவர்களை வெறும் சுவரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2010 ஆம் ஆண்டில் வெளியாயின. மிகக் கூடிய வித்தியாசமாகச் சுவரின் மேற்பரப்பு வெப்பம் 11 பாகை செல்சியசுக்கு மேல் குறைந்திருந்தது. இது சுவரின் மேற்பரப்பு வெப்பம். வீட்டுக்குள் இருக்கும் காற்று அவ்வளவு குளிரும் என்று எண்ணிவிடக் கூடாது. கூரைத் தகரம் கொதிக்கும்வரை வீடு சூடாகத்தான் இருக்கும். எனினும் சுவரோரம் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரியது.

நாங்கள் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் எமது முன்பள்ளி ஒன்றின் மேற்குச் சுவரில் பிளாஸ்ரிக் போத்தல்களால் ஒரு பசுமைச் சுவர் அமைத்தோம். வெறும் போத்தல்களைச் சேர்த்து, பக்கத்தில் வெட்டி, மண் நிரப்பி, கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். பிள்ளைகள் கீரை விதை போட்டார்கள். ஒரு மாதம் அழகாக இருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பெருமையோடு காட்டினேன்.

பிறகு உயிர்த்த ஞாயிறும் புதுவருடமும் சேர்ந்து வந்த விடுமுறை. ஐந்து நாள் நீர் ஊற்ற ஒருவரும் இல்லை. திரும்பி வந்தபோது எல்லாம் கருகியிருந்தன. ஒரு லீற்றர் மண் மட்டுமே பிடிக்கும் போத்தல் வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. சூடான சுவரோடு ஒட்டி இருந்ததால் வேரும் அவிந்துவிட்டது. கருகிய போத்தல்களை உடனே கழற்றவும் இல்லை. அடுத்த மழையில் அவற்றில் நீர் நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பிகளை எனக்குக் காட்டினார். அவர் கண்டித்தது நியாயமே.

இந்த அனுபவத்தின் பின்னர்தான் நான் தாய்மாரிடம் கேட்கத் தொடங்கினேன். கீழே வருவன பெரும்பாலும் அவர்களிடம் கற்றவை.

நட முன் கவனிக்க வேண்டியவை

*எந்தச் சுவர்?* ஒரு சுவருக்கு மட்டும் வசதி இருந்தால் மேற்குச் சுவரைத் தெரிவு செய்யுங்கள். யன்னலையும் காற்று வரும் வழியையும் மறைக்க வேண்டாம். சோளகக் காற்று உள்ளே வரும் பக்கத்தைக் கொடியால் அடைத்துவிட்டால், குளிர்ச்சிக்காகச் செய்த வேலை புழுக்கத்தில் முடியும்.

*இடைவெளி.* கொடியைச் சுவரில் நேராக ஏற்ற வேண்டாம். தகரமானால் இளங்குருத்து சூட்டில் கருகும், ஈர இலை பட்ட இடம் துருப்பிடிக்கும். மண்சுவரானால் ஈரம் ஊறிக் கரையும், கறையான் ஏறும். சீமெந்துக் கல்லானால் பாசி பிடிக்கும். கிடுகானால் உக்கும். ஆகவே சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தடிகளை நட்டு, குறுக்கே கயிறு கட்டி, அதில் கொடியை ஏற்றுங்கள். ஒருவர் பக்கவாட்டாக உள்ளே நுழைந்து கூட்டக்கூடிய இடைவெளி இருந்தால் நல்லது. வேரால் சுவரைப் பற்றி ஏறும் கொடிகளை வீட்டுச் சுவருக்கு வைக்கவே வேண்டாம். சுவர் வெடிப்பில் பறவை போட்ட ஆல், அரசு முளைத்தால் அன்றே பிடுங்கிவிடுங்கள். பழைய கோயில்களும் தேவாலயங்களும் எப்படிப் பிளந்தன என்று நீங்கள் கண்டிருப்பீர்கள்.

*பாரம்.* ஒரு வாளி ஈர மண் 15 கிலோவுக்குக் குறையாது. பத்து வாளி மண்ணைத் தற்காலிகக் கொட்டிலின் சுவரில் தொங்கவிட்டால் கொட்டில் சரியும். மண் எப்போதும் நிலத்திலேயே இருக்கட்டும். காய்த்த கொடியும் மழையில் நனைந்தால் பாரம்தான். எனவே பந்தலின் தடிகளைக் கொட்டிலின் கம்புகளோடு பிணைக்காமல் தனியாக நிறுத்துங்கள். பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்களை மாரியில் நட்டால் அவையே வேர்விட்டு உயிருள்ள தூண்களாகும், குழையும் தரும்.

*மண்.* ஒரு முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளைப் பரப்பி, அதன் மேல் சாணமும் சருகும் கலந்த மண்ணை நிரப்புங்கள். பொச்சுமட்டை நீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே வைக்கோல் அல்லது காய்ந்த புல்லால் மூடுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் இடமானால் கிடங்குக்குப் பதிலாக ஒரு சாண் உயரத்துக்கு மேடு போடுங்கள். சீமெந்துத் தரையானால் உரப்பையில் மண் நிரப்பி நடலாம். அதற்கு நீர் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் இடம் மாறும்போது கூடவே தூக்கிச் செல்லலாம்.

*நீர்.* இடர்காலங்களில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர் நீராவது கிடைக்க வேண்டும் என்பது நிவாரணப் பணியில் சர்வதேச ரீதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது 75 லீற்றர். பத்து அடிச் சுவருக்கு ஆறு அல்லது ஏழு கொடி போதும். கோடையில் ஒரு கொடிக்கு 2 லீற்றர் என்றால் நாளுக்கு 14 லீற்றர். குடிக்கும் நீரிலிருந்து இதை எடுக்கக் கூடாது. எடுக்கத் தேவையுமில்லை. அரிசி, மரக்கறி கழுவிய நீர், பாத்திரம் அலம்பிய நீர், உடுப்பை இறுதியாக அலசிய நீர் ஆகியவை போதும். சவர்க்காரம் கலந்த முதல் நீரைத் தவிருங்கள். அலசிய நீரையும் ஒருநாள் விட்டு ஒருநாள், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், இலையில் படவிட வேண்டாம். கீரையைச் சமைக்க முன் நல்ல நீரில் கழுவுங்கள். குளோரின் கலந்து கழுவிய நீர் செடிக்கு ஆகாது. நாளுக்கு இரண்டு வாளி கழிவு நீர்கூட மிஞ்சாத இடத்தில் இரண்டு கொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீர் அள்ளி வருபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ சிறுமியோதான். அவர்களுடைய தலையில் இன்னொரு குடத்தை ஏற்றி வளர்க்கும் சுவர் எமக்கு வேண்டாம்.

*நுளம்பு.* டெங்கு நுளம்பு தெளிந்து நிற்கும் நீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களில் பறக்கிறது. 2017 ஆம் ஆண்டில் எமது நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாகியது. எனவே பந்தலின் கீழ் சிரட்டை, ரின், போத்தல் எதையும் விடாதீர்கள். நீர் சேர்க்கும் வாளியை மூடி வையுங்கள். வாரத்தில் ஒருநாளைக் குறித்து, பந்தலின் கீழே எல்லாவற்றையும் கவிழ்த்துக் கூட்டுங்கள். ஞாயிறு பூசைக்கு முன் அரைமணி நேரம் போதும்.

*பாம்பு.* அடியில் அடர்ந்த கொடி பாம்புக்கு மறைவிடம். விரியன் இரவில் உலாவும் பாம்பு. நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. எனவே நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு இலைகளைக் கழித்துவிட்டு வெளிச்சம் தெரியும்படி வைத்திருங்கள். தகரத்துக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள நீக்கலை மண்ணால் அடையுங்கள். கொடி ஏறுவதற்குப் பழைய மீன்வலையைக் கட்டுவதை விடத் தும்புக் கயிறு நல்லது. வலையில் ஓணானும் பாம்பும் சிக்கிக்கொள்ளும், எடுக்கப் போகிறவருக்கு ஆபத்து.

*தீ.* காய்ந்த கொடி நல்ல விறகு. அடுப்புப் பக்கச் சுவரில் பந்தல் போட வேண்டாம். காய்த்து ஓய்ந்த கொடியை அன்றே அறுத்து எருக்குழியில் போடுங்கள்.

எதை, எப்போது நடலாம்?

எமது பகுதியில் வெயில் கொடுமை பங்குனியில் தொடங்குகிறது. ஆகவே மாரி ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் தை மாதக் கடைசியில் விதை போட்டால், பங்குனி நடுவில் சுவர் மறைந்துவிடும். முன்னே ஏறுவது பயற்றை. 50 முதல் 60 நாட்களில் காய் ஆயலாம். ஆனால் மூன்று நான்கு மாதத்தில் ஓய்ந்துவிடும். எனவே அதன் இடையில் பசளியை நடுங்கள். தண்டை முறித்து நட்டாலே போதும். பறிக்கப் பறிக்கத் தழைக்கும். பாகல், பீர்க்கு, புடோல் ஆகியவை இரண்டு மாதமளவில் காய்க்கத் தொடங்கும். புடோல் பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டினால் நேராக நீளும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவையும் முசுட்டையும் முசுமுசுக்கையும் பல காலம் நிற்கும். முசுட்டை வறையைச் சாப்பிடாத பிள்ளைகளும் இப்போது வளர்கிறார்கள். அவர்களுக்கு அதைப் பழக்க இது நல்ல வழி.

சோளகம் கடுமையாக வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் இலை கிழியும், நீரும் கூடத் தேவைப்படும். அக்காலத்துக்கு வைகாசித் தொடக்கத்தில் இரண்டாவது முறை பயற்றை போடலாம். ஐப்பசி மழைக்கு முன் பழைய கொடியை இறக்கிவிட்டுப் பந்தலைக் காற்றுக்குத் தாங்கும்படி இறுக்குங்கள். மாரியில் குளிர்ச்சிக்காகக் கொடி தேவையில்லை. சுவர் காய்வதுதான் தேவை.

பயற்றையில் அழுக்கணவன் கண்டால் அதிகாலைப் பனியோடு சாம்பல் தூவுங்கள். பாகலிலும் புடோலிலும் பழ ஈ முட்டையிடுவதைத் தடுக்கப் பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடுங்கள். வீட்டுச் சுவரோரம் நச்சு மருந்து அடிக்கவே கூடாது. அந்தச் சுவருக்கு மறுபக்கத்தில் பிள்ளை படுக்கிறது.

ஒவ்வொரு முறையும் முதலில் காய்த்த நல்ல காய்கள் இரண்டு மூன்றை ஆயாமல் முற்றவிடுங்கள். நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடி வையுங்கள். விதை வாங்கும் செலவு அத்தோடு நின்றுவிடும்.

காணிக்காரரின் சம்மதம்

இரவல் காணியில் இருப்பவர்கள் நட முன் காணிக்காரரிடம் கேளுங்கள். கேட்காமல் நட்ட ஒரு கொடியால் நல்லுறவு கெட்டதை நான் கண்டிருக்கிறேன். ஓராண்டுப் பயிர் மட்டுமே நடுவோம், கதியாலை வேண்டியபோது பிடுங்கித் தருவோம், விளைவில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லுங்கள். அயலவர் ஒருவர் முன்னிலையில் பேசிக்கொள்வது நல்லது. பொது இடத்து நிலையங்களில் இருப்பவர்கள் பொறுப்பாளரிடம் சொல்லிச் செய்யுங்கள். பக்கத்துக் கொட்டிலின் பாதைக்குக் கொடி நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமான இடத்தில் ஒரு முழம் நிலமும் சண்டைக்குக் காரணமாகலாம். அதே ஒரு முழத்தில் விளைந்த இரண்டு பிடி பயற்றங்காயை அயலுக்குக் கொடுத்து உறவாகவும் வாழலாம்.

பெரியவருக்கு ஒரு பதில்

அன்று அந்தப் பெரியவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சோம்பலால் நடாமல் இருக்கவில்லை. சொந்த மண்ணின் மேலுள்ள பற்றினால்தான் நடாமல் இருந்தார். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஆம் ஆண்டில் எழுந்துவந்தவர்களில் தம் காணியை இன்னும் மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு காலம் காத்திருந்தவர்களிடம், வந்த இடத்தில் வேர்விடுங்கள் என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போக எந்தக் குருவுக்கும் உரிமையில்லை.

வீடு திரும்பியபின் எரேமியா இறைவாக்கினரைத் திறந்து படித்தேன். பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு அவர் ஒரு மடல் எழுதினார். இருக்கும் இடத்தில் வீடு கட்டித் தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுமாறு அதில் சொன்னார். ஆனால் அதே மடலில், எழுபது ஆண்டுகள் நிறைவுற்றதும் இறைவன் அவர்களைச் சொந்த நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவார் என்றும் எழுதினார். தோட்டம் போடச் சொன்னவர் திரும்பிப் போவதை மறக்கச் சொல்லவில்லை. இன்னொன்றும் செய்தார். எருசலேம் முற்றுகைக்குள் இருந்தபோதே தன் ஊரான அனத்தோத்தில் ஒரு வயலை விலைக்கு வாங்கி, சாட்சிகள் முன் உறுதி எழுதி, அந்த உறுதி நெடுங்காலம் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார்.

இரவல் மண்ணில் ஒரு கொடியை நட்டதால் சொந்தக் காணியின் உறுதி செல்லாமல் போய்விடாது. திரும்பிப் போகும் நாள்வரை பிள்ளைக்கு ஒரு பிடி கீரையும் சுவரோரம் கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும். கமம் செய்த கை கமத்தை மறந்துவிடாதிருக்கவும் வேண்டும். நிலத்தில் வேலை செய்யத் தெரியாத பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினால், காணி கிடைத்தும் என்ன பயன்?

சில மாதங்களின் பின் அந்தப் பக்கம் மீண்டும் போனேன். முன் சொன்ன தாய் தன் பெட்டியைத் திறந்து விதைப் போத்தல்களைக் காட்டினார். பயற்றை, பாகல், பீர்க்கு என்று மூன்று போத்தல்கள். அவற்றின் கீழே பொலித்தீனில் சுற்றிய ஒரு கடதாசிக் கட்டு இருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

“எங்கட காணி உறுதி, சுவாமி. போகேக்கை இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேணும்” என்றார்.

அடுத்த கொட்டிலின் மேற்குப் பக்கத்தில் நான்கு கதியால்கள் புதிதாக நட்டிருந்தன. பெரியவர் பொச்சுமட்டை பரப்பிக்கொண்டிருந்தார். “பயற்றை மட்டும்தான், சுவாமி. மூண்டு மாசத்துப் பயிர்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த வாளியை எடுத்துக் கொடுத்தேன்.